நரிற்றாவில் நின்றுபோன பிள்ளையார்

அன்ரனெற் பயண முகவராக இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு விமான ரிக்கற் போட்டிருக்கிறாள். யானை முகம் உள்ள ஒருவருக்குப் போட்டது ஒரே ஒரு தடவைதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில், ஒரு பேக்கரிக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் அவளுடைய அலுவலகம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண் அவள். ஆனாலும் ஸ்காபரோச் சைவர்களில் பாதிப்பேர் அவளிடம்தான் ரிக்கற் எடுத்தார்கள். ஒருவருக்கும் ‘முடியாது’ என்று சொல்ல அவளுக்கு வராது என்பதுதான் காரணம். அந்தக் குணம்தான் அவளை இந்த வில்லங்கத்திலும் மாட்டிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒருநாள் நவரட்ணம் வந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். மில்லிக்கனில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் பின்பகுதியில் வாடகைக்கு நடந்த பிள்ளையார் கோயிலுக்கு அவர்தான் தலைவர். கோயிலுக்கு ஒரு பக்கம் காருக்குச் சைலன்சர் பூட்டும் கடை, மறுபக்கம் கம்பளம் விற்கும் களஞ்சியம். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு படத்துக்குப் பூசை நடந்துவந்தது. முந்தின வருடம் இந்தியாவில் ஐம்பொன் பிள்ளையார் ஒன்று செய்வித்துக் கப்பலில் எடுப்பித்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் தும்பிக்கை மடிந்து காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழியில் யாரோ பெட்டிக்கு மேலே ஒரு பிரிஜ்ஜை ஏற்றியிருக்கிறார்கள். அன்றைக்கே நிர்வாகசபை கூடித் தீர்மானம் எடுத்தது: இனிமேல் சுவாமி சாமானாக வரமாட்டார், ஆட்கள் வருகிற மாதிரி விமானத்தில் சீற்றில் இருந்துதான் வருவார்.

இப்போது புதிய விக்கிரகம் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரில் நவரட்ணத்தின் மைத்துனர் வீடுவரை வந்துவிட்டது. ஆவணிச் சதுர்த்திக்குமுன் ரொறன்ரோவுக்கு வந்தாக வேண்டும். அன்ரனெற்றின் தம்பி பஸ்ரியன் சிங்கப்பூருக்குப் போகிறான் என்ற செய்தி நவரட்ணத்தின் காதுக்கு எட்டியிருந்தது. பஸ்ரியனின் மனைவி பேர்ணடெற்றின் தங்கைக்கு அங்கே கலியாணம். கலியாணம் முடிந்து பேர்ணடெற் சில வாரம் தாயோடு நிற்கப்போகிறாள். பஸ்ரியனுக்கு லீவு இல்லாததால் அவன் தனியே திரும்புகிறான். அவனுக்குப் பக்கத்துச் சீற்றில் பிள்ளையாரை இருத்தி அனுப்பலாம் என்பது நவரட்ணத்தின் யோசனை.

பஸ்ரியன் கார்க் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவன், அதிகம் பேசாதவன். அக்கா ரெலிபோனில் விஷயத்தைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

“கனமோ?”

ரிக்கற் பதியும்போது முதல் சிக்கல் வந்தது. சீற்றில் பொருளை வைத்துக் கொண்டுவருவதென்றால் ‘பொதி’ என்று பதிவது வழக்கம். பெரிய வாத்தியங்களை அப்படித்தான் கொண்டுபோவார்கள். நவரட்ணம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிள்ளையாரும் பொதி என்ற சொல்லும் ஒரே வரியில் வரக் கூடாதென்றார். அன்ரனெற் பெயர் கேட்ட இடத்தில் ‘விநாயகமூர்த்தி’ என்று அடித்தாள். கொம்பியூட்டர் ஆணா பெண்ணா என்று கேட்டது. ஆண் என்று கொடுத்தாள். சாப்பாடு எது என்று கேட்டது. நவரட்ணமே எட்டிப் பார்த்து, சைவம், முட்டையும் கூடாது என்றார். விசேட குறிப்பு எழுதும் இடத்தில் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நடக்க மாட்டார். பேச மாட்டார். தூக்கித்தான் இருத்த வேண்டும். எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலைக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது.

“பிள்ளை, மற்ற ஆக்களுக்கு முன்னம் ஏத்தவேணும் எண்டும் போடும்,” என்றார் நவரட்ணம். “எங்கையும் அவருக்குத்தானே முதலிடம்.”

அதையும் போட்டாள்.

சிங்கப்பூரில் ஒரு கரைச்சலும் வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் திரு. விநாயகமூர்த்தியின் பாஸ்போட்டைக் கேட்டாளாம். பஸ்ரியன் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினானாம். அவளும் தமிழ்ப்பிள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டு போர்டிங் அட்டைகளையும் நீட்டிவிட்டாளாம். ஜப்பானில் நரிற்றாவில் இறங்கி, அங்கே வேறு விமானம் ஏறி, ரொறன்ரோவுக்கு வருவதுதான் திட்டம்.

நரிற்றாவில் இறங்கியவுடன் சூறாவளி வந்துவிட்டது.

ரொறன்ரோவில் அன்று காலை நல்ல வெய்யில். அன்ரனெற் அலுவலகத்தைத் திறந்து ஜன்னல் திரையை இழுக்கும்போதே ரெலிபோன் அடித்தது. பஸ்ரியன்தான்.

“அக்கா, இஞ்சை புயல். ஒண்டும் பறக்காதாம். எல்லாரையும் ஹொட்டேலிலை விட்டிருக்கினம்.”

“சுவாமி?”

“அவருக்கு வேறை றூம் தந்திருக்கினம்.”

அன்ரனெற்றுக்கு விளங்கவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். விமானக் கம்பனி ஆளுக்கொரு அறை கொடுக்கிறது. குடும்பமென்றால் ஒரே அறை. பஸ்ரியனும் விநாயகமூர்த்தியும் குடும்பமா என்று கேட்டார்கள். இல்லை என்று அவன் உண்மையைச் சொன்னான். ஆகவே இரண்டு அறை, இரண்டு திறப்பு. அவனுக்குப் பதினோராம் மாடி, பிள்ளையாருக்கு மூன்றாம் மாடி. நடக்க மாட்டாதவர் என்று எழுதியிருந்ததால் லிப்ற்றுக்குப் பக்கத்து அறையாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு அட்டையும் இரண்டு.

செய்தி பரவி, மதியத்துக்குள் நிர்வாகசபை முழுவதும் அவளுடைய அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ரிக்கற் வாங்க வந்தவர்களுக்கு இருக்கக் கதிரை இல்லை. நவரட்ணத்தின் மனைவி கமலாம்பிகை பெரிய போத்தலில் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. தனி அறை கிடைத்தது நல்லது என்று ஒரு கட்சி. பஸ்ரியன் மச்சமாமிசம் சாப்பிடுகிற பொடியன், ஒரே அறையென்றால் சுவாமிக்கு ஆகாது. மறு கட்சிக்கு அது பிடிக்கவில்லை. பிரயாணத்தில் வந்த சுவாமியைத் தனியே விடலாமா, விளக்கேற்ற ஆள் வேண்டாமா என்று கேட்டது. ஹொட்டேல் அறையில் விளக்கேற்றினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று அன்ரனெற் சொன்னாள். அதை அபிஷேகமாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

மாலையாக ஆக ரீவியில் ஜப்பானைக் காட்டினார்கள். பனைமரம் மாதிரி ஏதோ ஒன்று தெருவில் உருண்டு போனது. ஒரு பஸ் பக்கமாகச் சரிந்து கிடந்தது. அலுவலகத்தில் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தார்கள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா என்று ஒருவர் கேட்டார். ஐம்பொன் மிதக்குமா என்று இன்னொருவர் கேட்டார். அறையின் ஜன்னல் எந்தப் பக்கம், கண்ணாடி உடைந்தால் சுவாமியில் விழுமா என்று நவரட்ணம் கேட்டார்.

அன்ரனெற் அதுவரை மேசையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: “அங்கை என்ர தம்பியும் நிக்கிறான்.”

அவள் சத்தம் போடவில்லை. கமலாம்பிகை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நவரட்ணம் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் தந்தி கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில், செய்திக்குக் காத்திருக்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் அறிந்திருந்தார், அதை எப்படியோ மறந்துவிட்டிருந்தார்.

“பிள்ளை, பொடியனுக்கு ரெலிபோன் எடும்,” என்றார் மெல்ல.

அவள் ஹொட்டேலுக்கு எடுத்துப் பதினோராம் மாடி அறையைக் கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. மறுபடி எடுத்தாள். அப்போதும் இல்லை. அங்கே விடிந்துவிட்டது, நித்திரையாக இருக்காது. ஹொட்டேல்காரர் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கரண்ட் இல்லை, மன்னிக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்ரனெற்றின் விரல்கள் ரெலிபோன் வயரைச் சுற்றிச் சுற்றி இறுக்கின. பதினோராம் மாடி என்றால் எவ்வளவு உயரம் என்று அவள் சலவைக் கடைக் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

“மற்ற றூமுக்கு அடிச்சுப் பாரும்,” என்றார் நவரட்ணம்.

“ஆற்றை றூமுக்கு?”

“அவற்றை றூமுக்கு.”

பிள்ளையாருடைய அறைக்கு ரெலிபோன் எடுத்து என்ன பயன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மணி அடித்தால் கட்டடமாவது நிற்கிறது என்று தெரியுமே என்றுதான் அன்ரனெற்றும் நினைத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்தது. மூன்றாவதில் மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். கனமான மூச்சுச் சத்தம் கேட்டது.

நவரட்ணம் கைகளைத் தலைக்குமேல் கூப்பிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

“ஹலோ,” என்றது குரல். “ஆர் கதைக்கிறது?”

பஸ்ரியன். அன்ரனெற் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கமலாம்பிகைதான் பேசினார். அவன் பத்திரம், பிள்ளையாரும் பத்திரம். மேல்மாடி ஆடத் தொடங்க, படிவழியே இறங்கி இங்கே வந்துவிட்டானாம். வேறு எதுவும் அவன் சொல்லவில்லை. நவரட்ணம் ரெலிபோனுக்குக் கிட்டக் குனிந்து, தம்பிக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். தெரியாது என்றான். பிறந்த தேதியைச் சொன்னான். கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து அனுஷம் என்று கண்டுபிடித்தார். அன்று இரவுப் பூசையில், அனுஷ நட்சத்திரத்துப் பஸ்ரியன் நாமதேயத்துக்கு மில்லிக்கனில் அர்ச்சனை நடந்தது. கோத்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் ஐயர் சற்றுத் தயங்கி, மன்னார் என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அடுத்தநாள் புயல் கடலுக்குப் போய்விட்டது. பஸ்ரியன் அழைத்து ஒரு புதினம் சொன்னான். அறை துப்புரவாக்க வந்த ஒரு ஜப்பான் கிழவி பிள்ளையாரைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுக் கும்பிட்டாளாம். போனவள் திரும்பி வந்து, அவருக்கு முன்னால் கை நீளத்தில் ஒரு வெள்ளை முள்ளங்கியை வைத்துவிட்டுப் போனாளாம்.

“முள்ளங்கியோ?” என்றார் நவரட்ணம்.

“ஓம் அண்ணை. அவையளுக்கும் அவரைத் தெரியும்போலை கிடக்கு. அதை என்ன செய்யிறது?”

இருக்கட்டும் என்றார் நவரட்ணம்.

உண்மையான தலையிடி அன்று பின்னேரம்தான் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் நரிற்றாவில் தேங்கிக் கிடந்தார்கள். விமானக் கம்பனி அவர்களைக் கிடைத்த சீற்றுகளில் பங்கிட்டு அனுப்பத் தொடங்கியது. அன்ரனெற் கொம்பியூட்டரில் பார்த்தாள். திரு. விநாயகமூர்த்திக்கு முதல் விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. நடக்க முடியாதவர், பேச முடியாதவர், மற்றவர்களுக்கு முன் ஏற்ற வேண்டியவர் என்பதால் முன்னுரிமை. தேகசுகத்தோடு இருந்த பஸ்ரியனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் இடம். அதற்குள் சதுர்த்தி போய்விடும்.

அவள் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, இரண்டு பேரையும் ஒன்றாகப் போடும்படி கேட்டாள். பதில் சொன்ன பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். திரு. விநாயகமூர்த்தியின் பயணத்தை மாற்றுவதென்றால் அவரே கேட்க வேண்டும் என்றாள். அவர் பேச மாட்டார் என்று அன்ரனெற் சொன்னாள். அப்படியென்றால் கையெழுத்து வைத்து அனுப்பட்டும் என்றாள் அந்தப் பெண். கடைசியில் அன்ரனெற் மானத்தை விட்டு உண்மையைச் சொன்னாள்: அவர் ஒரு சிலை. பிறகு அந்தப் பெண், சிலைகளுக்குத் தாங்கள் சைவச் சாப்பாடு பதிவதில்லை என்று சொன்னாள்.

நவரட்ணத்துக்கு இதில் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை. முழுமுதற் கடவுளை முதலில் அனுப்புகிறார்கள், அதில் என்ன பிழை என்றார். கவலைப்பட்டது பஸ்ரியன்தான்.

“அக்கா, அவரைத் தனிய விடேலாது,” என்றான். “ஒரு இடமும் தெரியாதவர்.”

ஆனால் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சக்கர நாற்காலியோடு நான்கு பேர் ஹொட்டேல் அறைக்கே வந்துவிட்டார்கள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். எழுதியிருந்தபடியே நிமிர்ந்தவாக்கில் தூக்கி, இருத்தி, பட்டி பூட்டினார்கள். பஸ்ரியனும் கூடவே விமான நிலையத்துக்குப் போய், விமான வாசல்வரை பின்னால் ஓடினான். அதற்குமேல் விடவில்லை. உள்ளே குளிரும் என்று நினைத்து, ஹொட்டேல் போர்வையால் பிள்ளையாரைத் தலையோடு மூடிப் போர்த்துவிட்டு வந்தான். அந்தப் போர்வை என்ன செய்யும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

சதுர்த்திக்கு முதல்நாள் மத்தியானம் நவரட்ணமும் கமலாம்பிகையும் அன்ரனெற்றும் ரொறன்ரோ விமான நிலையத்தில் மாலையோடு நின்றார்கள். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது. ஆட்கள் வந்தார்கள். பிறகு விமானப் பணிப்பெண்கள் வந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. கமலாம்பிகையின் கையில் மாலை வாடத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ‘மிஸ்ரர் விநாயகமூர்த்தி’ என்று யாரோ பெயரைக் கடித்துக் கடித்துக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது தவமணி அவசரமாக அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். தவமணி அரசாங்கத்துக்கு மொழிபெயர்க்கிறவள். அவள் விமான நிலையத்துக்கு வருகிறாள் என்றால் யாரோ தமிழர் கடதாசி இல்லாமல் வந்து இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அன்ரனெற் தவமணி போன கதவை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

உள்ளே நடந்ததைத் தவமணி பிறகு ஸ்காபரோ முழுவதற்கும் சொன்னாள். வேலையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவள்தான். ஆனால் அந்தச் சத்தியம் மனிதர்களுடைய விஷயத்துக்குத்தான் என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

குடிவரவு அதிகாரிக்கு, இறங்கிய ஆட்களுக்கும் தன்னிடம் வந்த ஆட்களுக்கும் கணக்கில் ஒருவர் குறைந்தார். தேடிப் போனால், நடைபாதையில் ஒருவர் சக்கர நாற்காலியில் போர்வையால் மூடிக்கொண்டு தனியே இருக்கிறார். தள்ளிக்கொண்டு வந்த ஆள் வேலை முடிந்து போய்விட்டான். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், பிரெஞ்சில் கேட்டார். பதில் இல்லை. அவர் இளம் வயதுக்காரர், இளகிய மனம். யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவர்கள் இப்படித்தான் முகத்தை மூடிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். போர்வையை இழுக்க மனம் வரவில்லை. ஒரு கப்பில் அப்பிள் யூஸும் ஒரு பிஸ்கற் பக்கற்றும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, பெயரைப் பார்த்துத் தவமணிக்குச் சொல்லி அனுப்பினார்.

தவமணி எதிரே கதிரை போட்டு இருந்து வழக்கம்போல் தொடங்கினாள். “வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். நீங்கள் பயப்பிட வேண்டாம்.”

பதில் வரவில்லை. குனிந்தபோது போர்வைக்குக் கீழே சின்னக் கால் ஒன்றைக் கண்டாள். காலில் தண்டை இருந்தது. பக்கத்தில் ஒரு எலி.

போர்வையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் தவமணி எழும்பி நின்று இரண்டு கையாலும் தலையில் மூன்று குட்டுக் குட்டிக்கொண்டாள். அதிகாரி பயந்துபோனார். இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அப்படியானால் நீ மொழிபெயர்க்க முடியாது, தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பது சட்டப்படி பிழை என்றார் அவர். அப்போதும் அவர் போர்வைக்குள் பார்க்கவில்லை. தவமணி அதை முழுவதுமாக எடுத்து மடித்துத் தோளில் போட்டாள்.

அரைமணி நேரம் கழித்து நவரட்ணத்தையும் மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு சிறிய அறை. மேசைக்கு இந்தப் பக்கம் அதிகாரி, விமானக் கம்பனிப் பெண், சுங்க அதிகாரி. அந்தப் பக்கம் பிஸ்கற் பக்கற்றோடு பிள்ளையார். பிரச்சினை இதுதான்: அவர் ஆள் என்றால் விசா இல்லை, அவரை ஏற்றி வந்ததற்குக் கம்பனி தண்டம் கட்ட வேண்டும், அவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். பொருள் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. ‘உலோகப் பொருள், ஒன்று’ என்று ஒரு வரி எழுதிப் பொறுப்பாளர் கையெழுத்து வைத்தால் இப்போதே கொண்டுபோகலாம்.

நவரட்ணம் பேனாவைத் தொடவில்லை.

அவர் எண்பத்தேழில் இதே விமான நிலையத்தில் இப்படி ஒரு அறையில் இருந்தவர். ஊர், பேர், தொழில் எல்லாம் சொல்லியும் ஒருவரும் நம்பாமல் ஒரு பகலும் ஒரு இரவும் கதிரையில் இருந்தவர். தவமணியிடம் சொல்லச் சொன்னார்: அவரைப் பொருள் என்று நான் எழுதமாட்டேன். விசா இல்லை என்றால் விண்ணப்பிக்கிறோம். எத்தனை நாள் என்றாலும் இங்கே இருக்கிறோம். நான் அவருக்குப் பொறுப்பு.

தவமணி கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். அதிகாரி நெற்றியைத் தடவினார். கம்பனிப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அன்ரனெற் தான் அடித்த அந்தக் குறிப்பை ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய லைசன்ஸ் போகப்போவது உறுதி என்று அவளுக்குப் பட்டது.

அப்போது கமலாம்பிகை வாய் திறந்தார். அதுவரை அவர் வாடின மாலையை நீவிக்கொண்டு நின்றவர்.

“இஞ்சருங்கோ. மஞ்சளிலை பிடிச்சு வைச்சாலும் வாறவர். சாணியிலை பிடிச்சு வைச்சாலும் வாறவர். சாமான் எண்டு எழுதினா மட்டும் வரமாட்டன் எண்டு சொல்லுவாரோ? எழுதுங்கோ. கார் பாக்கிங்கிலை நிக்குது.”

நவரட்ணம் மனைவியைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். எழுதினார். எழுதி முடிந்ததும் பேனாவை மேசையில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். சுங்க அதிகாரி இந்தப் பொருளின் பயன் என்ன என்று கடமைக்காகக் கேட்டார். தடைகளை நீக்குவது என்று தவமணி மொழிபெயர்த்தாள். பனி அள்ளுகிற இயந்திரமா என்று அவர் கேட்டார். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அப்படியே பதிந்துகொண்டார் என்றுதான் தவமணி சொல்கிறாள். இளம் அதிகாரி கதவுவரை வந்து, சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக் கொடுத்தார். பிஸ்கற் பக்கற்றைத் திருப்பி எடுக்கவில்லை.

சதுர்த்தி நல்லபடி நடந்தது. சைலன்சர் கடைக்காரர் அன்றைக்குக் கடையைப் பூட்டி, தன்னுடைய இடத்தில் கார் நிறுத்த விட்டார். பக்கத்து ஊரான யூனியன்வில்லிலிருந்தும் சனம் வந்தது. அன்ரனெற் வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். அவளுடைய லைசன்ஸுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் கேட்கவே இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பஸ்ரியன் வந்து இறங்கினான். முகத்தில் தாடி, சேட்டெல்லாம் கசங்கல். அன்ரனெற் காரில் வீட்டுக்கு விடப் புறப்பட்டபோது, மில்லிக்கன் கோயில் பக்கம் போய்விட்டுப் போவம் என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கோயிலில் நவரட்ணமும் ஐயரும்தான் நின்றார்கள். பிள்ளையார் பட்டும் அறுகும் மாலையுமாக இருந்தார். கண்ணும் தும்பிக்கையின் நுனியும்தான் வெளியே தெரிந்தன. பஸ்ரியன் சற்று நேரம் அடையாளம் தெரியாதவன்போல் நின்றான். பிறகு கால் பக்கம் குனிந்து எலியைப் பார்த்துத் தலையாட்டினான். ஐயர் ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டார். குளித்து நாளாகிறது என்று பஸ்ரியன் கூச்சப்பட்டான். நவரட்ணம் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்தில், கம்பளக் களஞ்சியத்துச் சுவரோடு இருத்தி, தட்டில் சர்க்கரைப் புக்கையும் மோதகமும் போட்டார். அவன் நல்ல பசியில் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தினான்.

“அண்ணை, ஒரு விஷயம்.”

“சொல்லும்.”

“அண்டைக்குக் காத்து உரமா அடிக்கேக்கை நான் அவற்றை றூமிலைதான் இருந்தனான். ஜன்னல் எல்லாம் படபட எண்டு அடிச்சுது. அவர் விழுந்திடுவார் எண்டு படுக்கைத் துணியாலை அவரைக் கட்டிலோடை கட்டி, நானும் பிடிச்சுக்கொண்டு இருந்தன். பயத்திலை செபமாலை சொன்னனான். பெலத்துச் சொன்னனான். எனக்கு வேறை ஒண்டும் தெரியாது.” அவன் தட்டைப் பார்த்தான். “அது பிழையோ?”

நவரட்ணம் யோசித்தார். நிர்வாகசபைக்குக் கொண்டுபோகிற கேள்வியா இது என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அவர் என்ன செய்தவர்?” என்று கேட்டார்.

“சும்மா கேட்டுக்கொண்டு இருந்தவர்.”

“பிறகென்ன,” என்றார் நவரட்ணம். “சாப்பிடும்.”

அன்ரனெற் வெளியே காரில் இருந்தபடி ஒருதரம் ஹோர்ன் அடித்தாள். பஸ்ரியன் இன்னும் இரண்டு மோதகம் வாங்கி, அக்காவுக்கென்று ரிசூக் கடதாசியில் சுற்றிக்கொண்டு எழும்பினான்.